கல்விச்சாலையும் படைக்கலமும்

1. தோற்றுவாய்

புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் பெருவழியில், ஆற்றுப் பாலத்தைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது எம் ஊராகிய அரியாங்குப்பம். பண்டை யவன வாணிகத்தின் சின்னங்கள் அகழ்ந்தெடுக்கப்பெற்ற அரிக்கமேடு இதனை அடுத்து ஆற்றங்கரையில் உள்ளது. ஆதலின் எம் ஊரின் பெயரைக் கேட்போர் பலர்க்கும் பழைய மட்கலங்களும் மணிகளுமே நினைவிற்கு வரும். ஆயின், இவ்வூரில் முற்காலத்தில் ஒரு கோட்டையும் இருந்தது. புதுச்சேரியின் தென்புறத்தைக் காத்தற்பொருட்டுப் பிரெஞ்சுக்காரர் அதனை அமைத்திருந்தனர்.

1748-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவராகிய பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபொழுது, முதற்கண் இக்கோட்டையையே தாக்கினார். முதல் தாக்குதலில் ஆங்கிலர் தோற்றுப் பலரை இழந்தனர். அவர்தம் படைத்தலைவருள் ஒருவராகிய லாரென்ஸ் இவ்வூரிலே சிறைப்பட்டார். இங்ஙனம் உறுதியுடன் நின்ற கோட்டைக்கு இறுதி கொணர்ந்தது, காவலர் தம் காப்பிற்கெனச் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தேயாம். அது தீப்பற்றி வெடித்தது. அதன் அருகில் நின்றோர் பலர் மாண்டனர். எஞ்சியோர் கோட்டையைக் கைவிட்டுப் புதுச்சேரிக்குப் பின்வாங்கினர். காப்பிற்கென வைத்த பொருளே காவலரைக் கொன்றது.

இச்செய்தியை யான் சிறுவனாயிருந்தபொழுதே கேட்டிருக்கின்றேன். எனினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது, மேனிலைப் பள்ளி விடுதியில் தங்கிப் பயின்ற காலத்திலேதான். அவ்விடுதியில் என் அறைத்தோழர் ஒருவர் தம் பாயின்கீழ் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தார். அவர் சண்டைக்காரர் அல்லர். வகுப்பில் உரத்துப் பேசவும் கூசுபவர். பேருந்து நிலையத்தில் வேற்றூர் இளைஞர் சிலர் அவரை இருமுறை வழிமறித்து அடித்திருந்தனர். "இது யாரையும் குத்துவதற்கு அன்று, என்னைக் காத்துக்கொள்வதற்கு" என்றார். "விடுதியின் விதிக்கு இது மாறாயிற்றே, இதனை எறிந்துவிடு" என்றேன் யான். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "எறிந்துவிடுகிறேன். நாளை மாலை பேருந்து நிலையம்வரையில் நீ என்னுடன் வருவாயா?" என்று கேட்டார்.

யான் அன்று விடை கூறவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. கல்விச்சாலையினுள் படைக்கலம் கூடாதென விலக்குதல் முறையா? அங்ஙனம் விலக்கினால், தற்காப்பு என்னும் இயல்பான உரிமை பறிபோகாதா? இவ்விரு வினாக்களையும் சட்டமும் வரலாறும் கொண்டு ஆராய்வதே ஈண்டு நம் கருத்து.

2. தற்காப்பு என்பது யாது?

தன்னைக் கொல்ல வருவோனைத் தடுக்கும் உரிமையை உலகில் எந்த நன்னெறிச் சட்டமும் மறுத்ததில்லை. பிரெஞ்சு ஆட்சியில் எம் புதுச்சேரியில் வழங்கிய 1810-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், நேர்மையான தற்காப்பின்பொருட்டு அப்பொழுதே நேர்ந்த கட்டாயத்தால் செய்த கொலையும் காயமும் குற்றமாகா என்று கூறிற்று. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இவ்வுரிமையை விரித்துரைத்தது. அச்சட்டம் 1963-இல் புதுச்சேரிக்கும் வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1-ஆம் நாள் முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதை, அதே உரிமையை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வைத்துள்ளது. எண் மாறிற்றேயன்றிக் கருத்து மாறவில்லை.

இவ்வுரிமைக்குச் சட்டம் வகுத்த எல்லைகளுள் நான்கு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன.

முதலாவது, அச்சம் தோன்றும் காலம். நியாயமான அச்சம் தோன்றியவுடன் இவ்வுரிமை பிறக்கின்றது. அவ்வச்சம் நீங்கியவுடன் இறக்கின்றது. தாக்க வந்தவன் வீழ்ந்து கிடக்கும்பொழுது அவனை அடிப்பது தற்காப்பு ஆகாது, அது பழிவாங்குதலே.

இரண்டாவது, அளவு. காத்துக்கொள்வதற்கு வேண்டிய அளவிற்கு மேல் தீங்கு செய்தல் கூடாது. ஆயினும் உயிருக்கு அஞ்சி நிற்பவன் பொற்கொல்லன் தராசுகொண்டு தன் அடியை நிறுத்துப் பார்க்க இயலாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. நம் உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் தர்ஷன் சிங் என்பார் வழக்கில் இந்நெறிகளைத் தொகுத்துரைத்தபொழுது, தாக்கப்படுவோன் கோழைபோல ஓடிவிடவேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் தெளிவாக்கிற்று.

மூன்றாவது, தொடங்கியவர் யார் என்பது. தானே சண்டையைத் தேடிச் சென்றவன், எதிரி திருப்பி அடித்தபின் தற்காப்பு என்று கூறித் தப்ப இயலாது.

நான்காவதே நம் பொருளுக்கு உயிரானது. அரசாங்கக் காவலை நாடுதற்குக் காலம் இருக்குமாயின், தற்காப்பு உரிமை இல்லை. அஃதாவது, நாளை வரக்கூடிய பகைவனுக்காக இன்று கத்தியைச் சட்டைக்குள் மறைத்தல் இவ்வுரிமையுள் அடங்காது. அது முன்னேற்பாடு; முன்னேற்பாட்டிற்குக் காலம் இருந்தவர்க்குப் பிறரிடம் முறையிடவும் காலம் இருந்ததன்றோ?

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் புறத்திணை நினைவிற்கு வரும். புறப்பொருள் வெண்பாமாலையின்படி, மதிலை வளைப்போர் உழிஞைப் பூவையும் மதிலைக் காப்போர் நொச்சிப் பூவையும் சூடுவர். தொல்காப்பியனார் இவ்விரண்டனையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். எவ்வாறாயினும், அரணைச் சூழ்ந்தவர் இன்னார், அரணுள் நின்றவர் இன்னார் என்பது அப்போரில் கண்ணாற் காணத்தக்கது. தும்பைப் போரிலோ இருபெரு வேந்தரும் ஒரு களத்தில் நேர்நின்று பொருவர். இரு படையினரும் ஒரே பூவைச் சூடுவர். படைக்கலம் புகுந்த கல்லூரியும் அத்தகையதே. ஆங்கு இருசாராரும் "யாம் காத்தோம், அவர் தாக்கினர்" என்றே கூறுவர். நொச்சி சூடியவர் யார், உழிஞை சூடியவர் யார் என்று பின்னர் எந்த நீதிபதியாலும் எளிதிற் பிரித்தறிய இயலாது.

3. நியூவிங்டன் பள்ளி, 1919

கல்விச்சாலையில் துப்பாக்கி வெடித்தல் மேனாட்டுச் செய்தி என்று நம்மவர் கருதுவர். ஆனால், ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே நம் தமிழகத்தில் அது நிகழ்ந்துள்ளது. சென்னைத் தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்னும் மாளிகையில் ஓர் உறைவிடப் பள்ளி நடைபெற்றுவந்தது. வயது நிரம்பாத ஜமீன்தார்களின் சொத்துக்களை மேற்பார்த்த அரசாங்க நிருவாகம் அவ்விளைஞரை ஆங்கு வைத்துக் கற்பித்தது. அதன் தலைவராயிருந்தவர் கிளெமென்ட் டி லா ஹே என்னும் ஆங்கிலர். 1919-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு அவர் தம் உறைவிடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஐயம் அவரிடம் பயின்ற இளைஞர்மீது சென்றது. வழக்கு சென்னையில் பெரும் பரபரப்பை விளைத்தமையால் பம்பாய் உயர்நீதி மன்றத்திற்கு மாற்றப்பெற்றது. முடிவில் விடுதலைத் தீர்ப்பே வந்தது. குற்றம் இன்னாருடையது என்று உறுதிப்படாமலே அவ்வழக்கு ஓய்ந்தது. ஆதலின் யார் செய்தார் என்று ஆராய்தல் நமக்கு முறையன்று. நாம் கருதவேண்டுவது பிறிதொன்று. ஜமீன் குடியிற் பிறந்த பிள்ளைகளுக்கு வேட்டையும் துப்பாக்கியும் இளமையிலேயே பழகியவை. அப்பழக்கம் பெருமையாகவும் கருதப்பட்டது. காட்டில் பெருமையாயிருந்த பொருள், மாணவர் துயிலும் இடத்திற்கு அணித்தாயிருந்தபொழுது, ஓரிரவுச் சினத்திற்கு அது கைக்கருவியாகும் என்று முன்னரே எண்ணியவர் இலர்.

அணிமைக் காலத்திலும் இவ்வுண்மையே காணப்படுகின்றது. 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியை அடுத்த குர்காவ்ன் நகரப் பள்ளியொன்றில் 8-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் அரியானாவிலுள்ள யமுனாநகரில் ஒரு பள்ளித் தலைவியை 12-ஆம் வகுப்பு மாணவன் சுட்டுக் கொன்றான். இரண்டிடத்தும் துப்பாக்கி அங்காடியில் வாங்கியதன்று, தந்தையுடையது. பெரியோர் வீட்டில் வைத்திருந்த கருவி, சிறுவர் புத்தகப் பையில் ஏறிப் பள்ளிக்கு வந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் இத்தீமையைத் தடுக்க முயன்றதில்லை என்று கூறவியலாது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பாதோர் துப்பாக்கி வைத்திருத்தல் பொதுவாகக் கூடாது. ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருட் பெரும்பாலோர்க்கு அவ்வுரிமை இன்னும் எட்டாததே. உரிமம் பெற்றவர்க்கும், 1962-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் அளித்த உரிமச் சீட்டிலேயே ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. மாவட்ட நடுவரின் தனி அனுமதியின்றித் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றிற்கும், கல்வி நிலையத்தின் எல்லைக்குள்ளும் படைக்கலத்தைக் கொண்டு செல்லலாகாது என்பதே அது. கோயில் விழாவையும் கல்விச்சாலையையும் ஒரே வரிசையில் வைத்தெண்ணிய அவ்விதி கருதத்தக்கது. மக்கள் ஐயமின்றி ஒருவரோடொருவர் நெருங்கி நிற்கவேண்டிய இடங்கள் இவை என்பதே அதன் உட்கருத்துப் போலும்.

ஆயின் கத்திக்கு அத்துணைத் தடை இல்லை. அவ்விதிகள், 9 அங்குலத்தின் மிக்க நீளமோ 2 அங்குலத்தின் மிக்க அகலமோ உடைய அலகினையே படைக்கலம் என வகுத்தன. வீட்டிற்கும் உழவிற்கும் தொழிலிற்கும் ஆகும் கருவிகளை அவை விலக்கின. மீன் அரியும் கத்தியும் தேங்காய் வெட்டும் அரிவாளும் இல்லாத வீடு எம் பக்கத்தில் ஏது? ஆதலின் என் தோழர் பாயின்கீழ் இருந்த மடக்குக் கத்தியை நாட்டுச் சட்டம் எளிதிற் பற்றாது. அவ்விடைவெளியை நிரப்பவேண்டுவது கல்விச்சாலையின் சொந்த விதியே.

4. சட்டக் கல்லூரி, 2008

கத்தியின் தீமையைத் தமிழகம் முழுவதும் கண்கூடாகக் கண்ட நாள் ஒன்றுண்டு. அது 2008-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள். சென்னை உயர்நீதி மன்றத்தை அடுத்திருந்த டாக்டர் அம்பேத்கர் அரசினர் சட்டக் கல்லூரியில், தேர்வு நடந்த அன்று, இரு மாணவர் கூட்டத்தார் மோதினர். தேவர் ஜயந்திக்கு ஒட்டிய சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடுபட்டமை மனக்கசப்பை மூட்டிற்று. சாதிப் பிளவு அதற்கு நெய் வார்த்தது. ஒரு மாணவர் கையில் கத்தியுடன் மற்றவரைத் துரத்தினார். சிறிது நேரத்தில் அவரே வீழ்த்தப்பட்டு, அசைவற்றுக் கிடந்த நிலையிலும் கட்டைகளால் அடிக்கப்பட்டார். தொலைக்காட்சி இவற்றையெல்லாம் வீடுதோறும் காட்டிற்று.

பின்னர் எழுந்த வாதம் யாது? கத்தி தற்காப்பிற்கென்றே ஏந்தப்பட்டது என்றனர் ஒரு சாரார். அக்கத்தியைக் கண்டு அஞ்சியே கட்டையை எடுத்தோம் என்றனர் மறு சாரார். இருசாராரும் நொச்சியே சூடினர்! சட்டம் பயில வந்தவர். தற்காப்பின் எல்லையைப் பாடமாகவே கற்பவர். எனினும், கருவி கைக்கு வந்தபின் அப்பாடம் நினைவிற்கு வரவில்லை.

ஆயின் அந்நாளின் பெருந்துயரம் கத்தியன்று, கட்டையன்று, கல்லூரி வாயிலே. அவ்வாயிலின் புறத்தே போலீஸார் நின்றுகொண்டிருந்தனர். உள்ளே அடிபடுவோரைக் கண்டும் அவர்கள் உட்புகவில்லை. கல்லூரித் தலைவரின் அனுமதி வரவில்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது. பிறகு அதிகாரிகள் மாற்றப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. கல்லூரியும் 2018-இல் நகரத்தினின்று நீங்கிப் புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் என்னும் இரண்டிடங்களிற் குடியேறிற்று.

தேவர் ஜயந்தி அக்டோபர் 30-ஆம் நாள். மோதல் நவம்பர் 12. இடையே ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தது. அரசாங்கக் காவலை நாடக் காலம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்கின்றது சட்டம். நாடினால் அக்காவல் வரும் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பதே அவ்விதி. வாயிலில் நின்று வேடிக்கை பார்க்கும் காவலைக் கண்ட ஓர் எளிய மாணவன், மறுநாள் தன் கத்தியை எறிவானா, கூர்தீட்டுவானா? இதனை நாம் நேர்மையுடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. மேனாட்டு வரலாறு

இவ்வினாவை நம்மினும் நீண்டகாலம் ஆராய்ந்துவரும் நாடு அமெரிக்கா. ஆங்குப் படைக்கலம் வைத்திருத்தல் அரசியற் சட்டம் காத்த உரிமை. எனினும், ஜெபர்ஸன் தோற்றுவித்த வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஆளுங்குழு, அவரும் மாடிஸனும் உடனிருக்க, 1824-ஆம் ஆண்டிலேயே மாணவர் எவரும் கழக எல்லைக்குள் படைக்கலமோ வெடிமருந்தோ வைத்திருத்தல் கூடாதென விதித்தது. நாட்டின் விடுதலைக்கு உழைத்தவரே கல்விச்சாலைக்கு வேறு நெறி வேண்டும் என்று கண்டனர்.

அவ்விதி மட்டும் போதவில்லை. 1840-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு, முகமூடியணிந்து துப்பாக்கி வெடித்துக் கலகம் செய்த மாணவருள் ஒருவனை, பேராசிரியர் ஜான் டேவிஸ் அணுகி முகமூடியை நீக்க முயன்றார். அவன் அவரைச் சுட்டான். சின்னாளில் அவர் உயிர் நீத்தார். சட்டக் கல்லூரி மோதலின் நாளும் திங்களும் இதனோடு ஒத்தமை தற்செயலே. ஆயினும் நெஞ்சை உறுத்துவது. இதன்பின் 1842-இல் அப்பல்கலைக்கழகம் புதியதொரு வழியை மேற்கொண்டது. மாணவரை ஒற்றுப் பார்ப்பதைக் குறைத்து, தேர்வில் மாணவன் தன் நேர்மையைத் தானே உறுதிமொழியாற் கூறும் முறையை ஏற்படுத்தினர். "நேர்மை நெறி" எனப்படும் அம்முறை இன்றளவும் ஆங்கு நிலவுகின்றது. படைக்கலத் தடை தந்தவர் ஆளுங்குழுவினர். அதற்கு உயிர் தந்தது ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கை.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கூறுதல் கடன். 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின்மேல் ஏறிய ஒருவன் கீழே சென்றோரைச் சுட்டு வீழ்த்தினான். பொதுமக்கள் சிலர் தம் துப்பாக்கிகளைக் கொணர்ந்து கீழிருந்து அவனை நோக்கிச் சுட்டனர். அதனால் அவன் தலைதூக்க இயலாது போயிற்று என்பர் ஒருசாரார். மேலே ஏறிச்சென்ற போலீஸார்க்கே அக்குண்டுகள் இடராயின என்பர் மறுசாரார். 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் வர்ஜீனியா டெக் என்னும் கழகத்தில் 32 பேர் ஒரு மாணவனால் கொல்லப்பட்டனர். ஆங்கும் படைக்கலத் தடை இருந்தது. "தடைக்குக் கீழ்ப்படிந்தோர் வெறுங்கையராய் இறந்தனர்; தடையை மீறியவனே படைக்கலத்துடன் வந்தான்" என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். இவ்வாதம் வென்றமையால், டெக்ஸாஸ் அரசு, உரிமம் பெற்றோர் அரசினர் பல்கலைக்கழகங்களுள் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்ல இசைந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1. கோபுரக் கொலையின் 50-ஆம் ஆண்டு நிறைவு நாள்.

அவ்வாதம் வலியற்றதன்று. ஆயினும் அது கொலை தொடங்கியபின் உள்ள சில நிமிடங்களை மட்டுமே நோக்குகின்றது. கல்விச்சாலையின் மற்ற நாட்களை அது எண்ணவில்லை. மதிப்பெண் குறைந்தமைக்குக் காரணம் கேட்கும் மாணவன், காதலில் தோற்றவன், சாதி சொல்லி இகழப்பட்டவன், இரவில் தனிமையால் வருந்துபவன் ஆகிய இவரெல்லாம் வாழும் இடம் அது. இவர்தம் கைக்கு எட்டும் தொலைவில் கருவி இருந்தால், ஒரு கொடியோனைத் தடுக்க அது உதவும் நாளினும், ஒரு நல்லவனைக் கொலைகாரனாக்கும் நாளே மிகுதியாக வரும் என்று அஞ்சுகின்றேன். தொழும் கையிலும் படை மறைந்திருக்கலாம் என்று திருவள்ளுவர் கூடாநட்பில் எச்சரித்தார். அவர் கூறியது பகைவரைப்பற்றி. ஒவ்வொரு சக மாணவனின் கையையும் அங்ஙனம் ஐயுற்று நோக்கவேண்டிய இடத்தில் பாடம் எங்ஙனம் நடைபெறும்?

காவலர் துப்பாக்கியே இதற்குத் தீர்வு என்பாரும் உளர். 1970-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில், போர் எதிர்ப்புக் கூட்டத்தை அடக்க வந்த காவற்படையினர் 13 நொடியில் 67 முறை சுட்டனர். 4 மாணவர் இறந்தனர், 9 பேர் காயமுற்றனர். சுட்டவர் கூறியதும், தம் உயிருக்கு அஞ்சினோம் என்னும் தற்காப்பே. நம் சிதம்பரத்தில் 1965-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீஸார் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிர் துறந்தார். ஆகவே, வாயிலில் வாளா நிற்கும் காவலும் தீது; உட்புகுந்து சுடும் காவலும் தீது. கல்விச்சாலைக்கு வேண்டுவது, தீ மூளுமுன் அதனைக் காணும் காவல். அக்காவலைத் தரவல்லார் ஆசிரியரும் மாணவருமேயன்றிப் பிறர் அல்லர்.

6. தடையும் கடமையும்

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் ஒன்று புலனாகின்றது. கல்லூரி படைக்கலத்தை விலக்குதல் தற்காப்புரிமையைப் பறிப்பதன்று. ஒவ்வொருவனும் தனித்தனியே சுமந்த காப்புப் பொறுப்பை வாங்கித் தன் தோள்மேல் ஏற்றுக்கொள்வதே. "உன் கத்தியை என்னிடம் கொடு" என்று கூறும் கல்லூரி, "இனி உன்னைக் காப்பது என் கடன்" என்றும் அதே மூச்சில் கூறுகின்றது. பிற்பகுதியைக் கூறாது முற்பகுதியை மட்டும் கூறின், அது எளியவனை வெறுங்கையனாக்கி வலியவன்முன் நிறுத்தும் அநீதியாய் முடியும்.

இக்கடமையை நிறைவேற்றும் வழிகள் அரியன அல்ல. வாயிலில் சோதனை நடைபெறின், அது எல்லோர்க்கும் ஒன்றாதல் வேண்டும்; இன்ன வகுப்பார், இன்ன ஊரார் பையைமட்டும் திறந்து பார்க்கும் சோதனை, தானே ஒரு பகையை வித்தும். அச்சமுற்ற மாணவன் சென்று கூறுதற்கு ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும்; கூறியவனைக் கோழை என்றும் கோள்சொல்லி என்றும் நகையாத தோழர் இருத்தல் வேண்டும். சுவரொட்டியில் தொடங்கும் பூசல் அச்சுவரிலேயே முடியுமாறு, ஓரிரு நாளில் இருசாராரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசுவித்தல் வேண்டும். அடிபட்டவன் முறையிட்டால், அம்முறையீடு மேசைப் பெட்டியில் உறங்கலாகாது.

கிறிஸ்தவ மாணவனாகிய எனக்கு மற்றொரு காட்சியும் தோன்றுகின்றது. கெத்சமனேத் தோட்டத்தில் பேதுரு உருவிய வாள் தம் பொருட்டு அன்று. தம் ஆசிரியரைக் காத்தற்பொருட்டே. அதனினும் நேர்மையான காரணம் கூறவியலாது. எனினும் அவ்வாள் வெட்டியது, ஆணையிட்ட தலைமைக் குருவை அன்று. ஏவல் செய்ய வந்த ஓர் ஊழியனின் காதையே. வாளை உறையிலிடுமாறு கூறிய ஆசிரியர் அத்துடன் நில்லாது, அவ்வூழியனின் காயத்தையும் ஆற்றினார் என்று சுவிசேஷம் உரைக்கின்றது. தடை விதித்தலும் காயம் ஆற்றுதலும் ஒரே கையின் செயலாதல் வேண்டும் என்பதை யான் அதிற் காண்கின்றேன்.

7. முடிவுரை

என் அறைத்தோழரைப்பற்றிக் கூறி முடிக்கின்றேன். யான் விடை கூறாத அந்நாளுக்குப் பின், அவர் கத்தியைப்பற்றி என்னிடம் பேசவில்லை. அவ்வாண்டு முழுதும் மாலையில் அவர் தனியே பேருந்து நிலையத்திற்கு நடந்தார். நல்வினைப் பயனாய்க் கத்தி வெளிவர நேரவில்லை. அவர்க்கு ஒன்றும் நேராமையால் யான் குற்றமற்றவன் ஆகேன். விதியை எடுத்துரைக்க எனக்கு நா இருந்தது; அவருடன் அரை மைல் நடக்கக் கால் எழவில்லை. அன்று நாங்கள் நால்வர் அவருடன் நடந்திருப்போமாயின், அக்கத்தியை அவரே ஆற்றில் எறிந்திருப்பார் என்று இன்று நம்புகின்றேன்.

நம் கல்லூரியின் விதிகளிலும் படைக்கலத் தடை உண்டு. சேர்ந்த நாளில் நாம் எல்லோரும் அதன்கீழ்க் கையொப்பமிட்டோம். அக்கையொப்பம் "யான் கருவி கொணரேன்" என்பதற்கு மட்டும் இட்டதன்று. "கருவியின்றி வந்த என் தோழனைத் தனியே விடேன்" என்பதற்கும் இட்டதே என்று கொள்வோமாக. எம் ஊர்க் கோட்டை தன் வெடிமருந்தாலே அழிந்தது. கல்விச்சாலைக்கு அரண், அதன் மாணவர் ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்றலே. இவ்வாண்டு மாலைவேளைகளில் விடுதியினின்று தனியே செல்ல அஞ்சும் தோழர் எவரேனும் இருப்பின், அவர் என் அறைக்கதவைத் தட்டுவாராக. யான் உடன் வருவேன்.